பெயர் பொறிக்கப்படாத கருவிகள்

சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில் ஒருநாள் மாலை, நம்முடைய பழைய மாணவர் ஒருவர் நமது வீட்டுப் படலையடியில் வந்து நின்றார். பத்தாண்டுகளுக்கு முன் பதினோராம் வகுப்போடு படிப்பை விட்டவர் அவர். அன்று தொட்டு எமது ஊர்ச் சந்திக்கு அப்பாலுள்ள கடைசற் பட்டறை ஒன்றிலே வேலை செய்து வந்தார். அப்பட்டறையின் உரிமையாளரும் அவருக்குத் தொழில் பழக்கியவருமான பெரியவர் மாசி மாதத்திலே காலமாகிவிட்டார். செய்தி நமக்குத் தெரியும். ஆயினும் செத்தவீட்டுக்கு நாம் போகவில்லை.

"சேர், ஒரு உதவி கேட்டு வந்தனான். அம்மா பட்டறைச் சாமான்களை விக்கப்போறா. பழைய இரும்புக்காரன் கிலோக் கணக்கிலை கேட்டிட்டுப் போட்டான். லேத்தை நான் தவணையிலை எடுக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறன். ஆனா நாலு சாக்கு நிறைய வேறை சாமான்கள் கிடக்குது. எது எங்கடை லேத்துக்குரியது, எது இல்லை எண்டு எனக்கே முழுக்க விளங்கேல்லை. ஒண்டிலையும் பேர் இல்லை. இங்கிலீசிலை தேடிப் பாக்கவேணும். நீங்கள் ஒருக்கால் வருவியளோ?"

நாம் தயங்கினோம். தமிழிலே பட்டம் பெற்று இலக்கணமும் இலக்கியமும் படிப்பிக்கும் ஒருவருக்குக் கடைசல் யந்திரத்தைப் பற்றி என்ன தெரியும்? இது வெளியே சொல்லக்கூடிய காரணம். சொல்லக் கூசும் காரணம் இன்னொன்றும் உண்டு. அதை இங்கே எழுதாது விடுவது நேர்மையாகாது. இவர் நமது வகுப்பிலே மூன்றாம் வாங்கில் இருந்த காலத்தில், நன்னூற் சூத்திரமொன்றை ஒப்புவிக்க முடியாமல் நின்ற ஒருநாள், "படிக்காவிட்டால் பட்டறையிலே இரும்பு ராவத்தான் போவாய்" என்று நாம் சொன்னோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். அடுத்த ஆண்டு அவர் அவ்வாறே பட்டறைக்குப் போனார். அந்த வாக்கியத்தை அவர் மறந்துவிட்டாரோ என்னவோ, நாம் மறக்கவில்லை.

சனிக்கிழமை காலை பட்டறைக்குச் சென்றோம். தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த மண்தரை, சுவரோரம் நான்கு சாக்குகள். நடுவிலே யந்திரம் நின்றது. அதன் பெயரைப் பற்றிய ஐயம் எதுவும் இருக்கவில்லை. பலமுறை பூசிய பச்சை வர்ணத்துக்கடியில் மைஃபோர்ட் என்ற வார்ப்பெழுத்துக்கள் தடவினாலே தெரிந்தன. இங்கிலாந்தின் நொட்டிங்காமுக்கு அண்மையிலுள்ள பீஸ்டன் என்னும் ஊரிலே செய்யப்பட்டு, 1946 இல் முதன்முதலாக வெளிவந்த எம்.எல். 7 வகை யந்திரம் அது. அந்த ஊரில் அதன் உற்பத்தி 2011 இல் நின்றுபோயிற்று. பிரச்சினை யந்திரமன்று, சாக்குகளில் இருந்தவை.

முதலில் நாம் செய்தது நமது படிப்புக்கு ஏற்ற மூடத்தனம். பெயரைத் தேடினோம். கைத்தொலைபேசியிலே படங்களைப் பார்த்து, கையிலிருந்த இரும்போடு ஒப்பிட்டோம். பழைய வார்ப்பிரும்பு எல்லாம் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு மணித்தியாலம் வீணாயிற்று. அதன்பின் மாணவர் மெல்லச் சொன்னார்: "சேர், உது ஆற்றை எண்டு கேக்கிறதை விட்டிட்டு, உது எதிலை பிடிக்கும் எண்டு கேட்டால் என்ன?"

அன்றைய ஆசிரியர் அவரே என்பதை நாம் அந்த இடத்தில் ஏற்றுக்கொண்டோம்.

யந்திரத்தின் துணைக்கருவி எதுவும் தனித்து வாழ்வதில்லை. அது இன்னொன்றிலே பொருந்தியே வேலை செய்யவேண்டும். பொருந்தும் இடம் எதுவோ அதுவே அதன் அடையாளம். செய்தவர் பெயரைப் பொறிக்க மறந்திருக்கலாம். பெட்டியிலே மட்டும் ஒட்டியிருக்கலாம். ஆணியடித்த பித்தளைத் தகடு கழன்று போயிருக்கலாம். ஆனால் பொருந்தும் இடத்தின் அளவை எவரும் மறைக்கமுடியாது. மறைத்தால் கருவி பயன்படாது.

எனவே துப்புரவில் தொடங்கினோம். மண்ணெண்ணெயும் பழைய பற்தூரிகையுமே கருவிகள். அரத்தாளும் கம்பித் தூரிகையும் கூடாது என்றார் மாணவர். மங்கிய முத்திரை இருந்தால் துருவோடு அதுவும் போய்விடும். துடைத்த பரப்பிலே வெண்கட்டியைத் தேய்த்து விரலால் ஒற்றியெடுத்தபோது, கண்ணுக்குத் தெரியாதிருந்த எழுத்துக்கள் வெள்ளையாய் எழுந்து நின்றன. பத்தாண்டுகளுக்கு மேலாக வெண்கட்டி பிடித்த கை நம்முடையது. கரும்பலகையைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை உண்டென்று அன்றுதான் அறிந்தோம்.

எழுந்த எழுத்துக்கள் நம்மை மீண்டும் ஏமாற்றப் பார்த்தன. ஒரு பிடிகருவியில் மூன்றெழுத்து இருந்தது. செய்தவரின் பெயர் என மகிழ்ந்தோம். அடுத்த கருவியில் வேறு இரண்டெழுத்து. அவை உளியால் கீறி அழிக்கப்பட்டு, அருகில் அதே மூன்றெழுத்து. அவை செய்தவர்களின் பெயர்களல்ல, வைத்திருந்த தொழிலாளரின் முதலெழுத்துக்கள். பலர் வேலை செய்யும் பட்டறையில் தன் கருவியைத் தான் காப்பதற்காக அடித்த முத்திரைகள். வார்ப்பிலே புடைத்து நின்ற இலக்கங்களும் அவ்வாறே. அவை பெரும்பாலும் வார்ப்பச்சின் இலக்கங்கள். வார்ப்பாலைக்கு உதவுமேயன்றி வாங்குபவருக்கு உதவா.

சிறிய இரும்புக் கட்டையொன்றில் மூன்று கோடுகள் கூடிய அம்புமுனை இருந்தது. "அது கோழிக்கால் எண்டு அவர் சொல்லுவார்" என்று வாசற்படியிலிருந்த அம்மா சொன்னார். அது பிரித்தானிய அரச உடைமையைக் குறிக்கும் அம்புக்குறி. திருகோணமலைக் கடற்படைத் தளம் 1957 இல்தான் பிரித்தானியரிடமிருந்து இலங்கையின் கைக்கு வந்தது. இக்கட்டையும் அங்கிருந்து புறப்பட்டதாயிருக்கலாம் என்று நினைக்க ஆசைதான். ஆனால் அம்பு அவ்வளவு சொல்லவில்லை. உடைமை எந்த அரசினது என்பதை மட்டுமே அது சொல்லிற்று. சான்று சொல்லாததை நாம் சொல்லக்கூடாதென்பது ஏட்டுச்சுவடி ஆராய்ச்சியிலே நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடம்.

மறு சனிக்கிழமை பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து வேணியர் இடுக்கியை இரவல் வாங்கிச் சென்றோம். கூம்பான முனையுடைய தண்டுகள் பதினொன்று கிடந்தன. மோர்ஸ் கூம்பு என்பது 19 ஆம் நூற்றாண்டின் அமெரிக்கத் தொழிலாளி ஒருவரின் பெயரால் வழங்கும் அளவு. ஒட்டிப்பிடிக்கும் அக்கூம்பை ஆணியோ திருகோ இல்லாமலே சுழல்தண்டு பற்றிக்கொள்ளும். அதன் பருத்த வாயின் விட்டம் முதலாம் இலக்கத்துக்கு 12.065 மில்லிமீற்றர், இரண்டாம் இலக்கத்துக்கு 17.78, மூன்றாம் இலக்கத்துக்கு 23.825. நமது யந்திரம் ஏற்பது இரண்டாம் இலக்கம். ஏழு தண்டுகள் உரியவை, நான்கு பருத்தவை.

பிடிசக்குகளின் பின்புறத் துளையை அளந்தோம். இந்த யந்திரத்தின் மூக்கு ஒன்றே அரைக்கால் அங்குலப் பருமன், அங்குலத்துக்குப் பன்னிரண்டு புரி. புரியின் கோணமும் பேசும். 1841 இல் விற்வேர்த் என்ற ஆங்கிலேயர் வகுத்த முறையில் அது 55 பாகை. 1864 இல் செல்லர்ஸ் என்ற அமெரிக்கர் வகுத்த முறையிலும், இன்றைய மீற்றர் முறையிலும் அது 60 பாகை. ஐந்து பாகை வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. புரியளக்கும் தகட்டை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், பொருந்தாத தகட்டின் கீழ் ஒளிக்கீற்றுத் தெரியும்.

மூன்று தாடைச் சக்கொன்றின் தாடைகள் மூன்றும் ஒரு பழைய பிஸ்கற் தகரத்திலே தனியே கிடந்தன. அவற்றின் இலக்கங்கள் தேய்ந்துபோயிருந்தன. உள்ளேயுள்ள சுருள் முதலில் ஒரு தாடையைக் கவ்வி, மூன்றிலொரு சுற்றின்பின் அடுத்ததைக் கவ்வும். ஆகவே பற்களின் தொடக்கம் ஒவ்வொன்றிலும் ஒவ்வோரிடத்தில் இருக்கவேண்டும். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். எதன் முதற்பல் நுனிக்கு மிக அண்மையில் இருந்ததோ அது ஒன்று. மற்றவை இரண்டும் மூன்றும். அந்த ஒழுங்கில் செருகியபோது மூன்றும் ஒருங்கே வந்து மையத்தில் கூடின. மாணவர் நம்மைப் பார்த்துச் சிரித்தார். இது அன்றைய வகுப்பின் சிரிப்பன்று.

சுழலும் நீண்ட இரும்பு வளையாதபடி நடுவிலே தாங்கும் ஸ்டெடி ஒன்று இருந்தது. வெண்கல விரல்கள் மூன்றும் கூடும் மையம், அதன் அடியிலிருந்து ஆறரை அங்குல உயரத்தில் நின்றது. நமது யந்திரத்தின் மைய உயரமோ மூன்றரை அங்குலம். ஆங்கிலேயர் மைய உயரத்தைச் சொல்லியே யந்திரத்தைக் குறிப்பர். அமெரிக்கர் சுழலக்கூடிய பொருளின் விட்டத்தைச் சொல்வர். ஆறரை அங்குல யந்திரம் என்பதும் பதின்மூன்று அங்குல யந்திரம் என்பதும் ஏறக்குறைய ஒன்றே என்பதை அறியாதவர் தேடித் தேடி ஏமாறுவர். எவ்வாறாயினும் இந்த ஸ்டெடி நமது யந்திரத்துக்கு உரியதன்று. பருத்த நான்கு தண்டுகளும் இதனோடு சேர்ந்தவை என்று தோன்றிற்று. அப்படியானால் அந்தப் பெரிய யந்திரம் எங்கே?

அம்மாவிடம் கேட்டோம்.

"அது பெரிய லேத்து, தம்பி. தொண்ணூற்றஞ்சிலை ஓடேக்கை விட்டிட்டுப் போனது. சின்னதைக் கழட்டி ட்ரக்டரிலை ஏத்தினவர். பெரியதைத் தூக்க ஆளில்லை. அதின்ரை சாமான்களைக் கிணத்தடியிலை தாட்டவர். வந்து பாக்கேக்கை தாட்டது இருந்தது, லேத்து இல்லை."

1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது நமக்கு ஐந்து வயது. அப்பாவின் சைக்கிள் பாரிலிருந்து செம்மணி வெளியைக் கடந்தது மழையும் இருளுமாக நினைவிலிருக்கிறது. அதே வீதியிலே இந்த யந்திரமும் போயிருக்கிறது. முப்பது ஆண்டுகளாக, இல்லாத யந்திரத்தின் உறுப்புக்களைச் சாக்கிலே கட்டி அந்தப் பெரியவர் வைத்திருந்திருக்கிறார்.

இனி நாம் சொல்லவந்த முக்கியமான விடயத்துக்கு வருவோம்.

நான்காவது சாக்கிலே பற்சக்கரங்கள் இருந்தன. திருகுப் புரி வெட்டுவதற்கு, சுழல்தண்டையும் வெட்டுகத்தியை இழுத்துச் செல்லும் நீண்ட திருகுத்தண்டையும் இணைக்கும் சக்கரங்கள் இவை. பற்களை எண்ணினோம்: 20, 25, 30, 35, 40 என்று ஐந்தைந்தாய் ஏறி 65 வரை சென்றன. இவற்றுக்கு வெளியே ஒரு பெருஞ்சக்கரம். எண்ணியபோது 127 வந்தது. தவறென்று எண்ணி, முதற்பல்லிலே வெண்கட்டியால் அடையாளமிட்டு மறுபடி எண்ணினோம். 127 தான். எதனாலும் வகுபடாத இந்த எண்ணை எவன் சக்கரத்திலே வெட்டுவான் என்று வியந்தோம்.

விடை அங்குலத்தில் இருந்தது. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். ஐந்து அங்குலம் 127 மில்லிமீற்றர். அங்குலத்தையும் மில்லிமீற்றரையும் மிச்சமின்றி இணைக்கும் மிகச் சிறிய முழுவெண் அதுவே. நமது யந்திரத்தின் நீள்திருகு அங்குலத்துக்கு எட்டுப் புரியுடையது. அதிலே மீற்றர்ப் புரியைச் சரிநுட்பமாக வெட்டவேண்டுமானால் 127 பற்சக்கரம் வேண்டும். ஐம்பது பற்சக்கரம் அதனோடு சேர்ந்தால் 1.25 மில்லிமீற்றர்ப் புரி. அறுபது சேர்ந்தால் 1.5. ஒரு மொழியை இன்னொரு மொழிக்குப் பிழையின்றிப் பெயர்க்கும் சக்கரம் என்று அதை நாம் விளங்கிக்கொண்டோம்.

ஆனால் இந்தச் சக்கரம் ஆலையிலே செய்யப்பட்டதன்று. ஏனைய சக்கரங்களின் பற்கள் வழுவழுப்பானவை. இதன் பற்களிலே நேர்கோடாய்ச் செதுக்கிய தழும்பு இருந்தது. யந்திரத்தின் பக்கமூடியில் அரைவட்டமாக ஒரு துண்டு வெட்டப்பட்டிருந்தது; அதை உடைவென்று சொல்லியே இரும்பு வியாபாரி விலையைக் குறைத்திருந்தார். சக்கரத்தை அவ்விடத்தில் வைத்துப் பார்த்தபோது, வெட்டு அதற்காகவே வெட்டப்பட்டது என்பது தெரிந்தது. சக்கரங்களைத் தாங்கும் கையும் ஒரு துண்டு ஒட்டி நீட்டப்பட்டிருந்தது. இவற்றையெல்லாம் செய்தவர் யார் என்பதில் ஐயமில்லை. எப்படிச் செய்தார் என்பதே கேள்வி. வகுபடாத எண்ணை வட்டத்திலே பகுப்பது எப்படி?

அதற்கும் விடை வீட்டிலேயே இருந்தது. அம்மா தேநீர் கொண்டுவந்தபோது, சமையலறை வாசலில் தவிட்டு வாளியை மூடியிருந்த பலகைமீது நமது கண் விழுந்தது. நடுவிலே துளையுள்ள வட்டப்பலகை. அதன் விளிம்பைச் சுற்றி வார்னிஷ் பூசிய காகிதம் ஒட்டியிருந்தது. காகிதத்திலே பென்சிற் கோடுகள். அது சதுரக்கோட்டுக் கணிதக் கொப்பியின் தாள். ஒவ்வொரு சதுரமும் ஒரு சென்ரிமீற்றர். பலகையின் விட்டம் 40.4 சென்ரிமீற்றர். பையினாற் பெருக்கினால் சுற்றளவு 127 சென்ரிமீற்றருக்கு மயிரிழை குறைவு. காகிதத்தின் தடிப்பு அதை நிறைவு செய்யும்.

பெரியவர் செய்தது இதுதான். கொப்பித் தாள்களைக் கீற்றுக்களாக ஒட்டி 127 சதுரம் நீளமுள்ள ஒரு நாடா ஆக்கினார். அந்த நாடா சரியாகச் சுற்றிவரும் அளவுக்குப் பலகையைக் கடைந்தார். பலகையைச் சுழல்தண்டின் பின்முனையிலும், வெட்டவேண்டிய இரும்பு வட்டை முன்முனையிலும் பூட்டினார். ஒரு கோட்டை ஊசிமுனைக்கு நேரே நிறுத்தி, கத்தியை முன்னும் பின்னும் கையால் இழுத்து ஒரு பள்ளம் செதுக்கினார். பின் அடுத்த கோடு. இவ்வாறு 127 முறை. பலகை சக்கரத்தைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு பெரியது. ஆகவே காகிதத்திலே அரை மில்லிமீற்றர் பிழைத்தாலும் சக்கரத்திலே அது 0.2 மில்லிமீற்றராகச் சுருங்கிவிடும். கணித ஆசிரியர் ஒருவரிடம் இதை விளக்கியபோது அவர் வெகுநேரம் பேசாதிருந்தார்.

எதற்காக இந்தப் பாடு? அம்மாவே சொன்னார். 1990 இன் பின் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் உதிரிப்பாகமும் இல்லை. தோட்டக்காரர் யப்பான் தேசத்து நீரிறைக்கும் யந்திரங்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். அவற்றிலே பிளக் பூட்டும் துளையின் புரி தேய்ந்தால் யந்திரம் செத்தது. யந்திரம் செத்தால் வெங்காயமும் புகையிலையும் செத்தன. அந்தத் துளையின் புரி 14 மில்லிமீற்றர்ப் பருமன், 1.25 மில்லிமீற்றர் இடைவெளி. அங்குலத்தில் பிறந்த யந்திரத்தால் அதைச் சரிநுட்பமாக வெட்ட இயலாது, 127 பற்சக்கரம் இருந்தாலன்றி. நீரிறைக்கும் யந்திரமொன்றையே வார்ப்பட்டியாற் பூட்டி லேத்தை ஓட்டினார் என்றும், இரவிலே கொப்பித் தாளை வெட்டியது குப்பி விளக்கின் வெளிச்சத்திலே என்றும் அம்மா சொன்னார். "ஆற்றை கொப்பி?" என்று கேட்டோம். "மூத்தவளின்ரை. கணக்குக் கொப்பியைக் கிழிச்சதெண்டு அவள் அழுதவள்."

சங்கத் தொகைநூல்களிலே இயற்பெயர் தெரியாத புலவர் சிலருக்கு அவர்தம் பாட்டில் வந்த அரிய தொடரையே பெயராக இட்டனர் நம் முன்னோர். செம்புலப்பெயனீரார் அவ்வாறு பெயர் பெற்றவர். ஆக்கியோனை அவனது ஆக்கத்தைக் கொண்டே அறியும் அந்த வழக்கத்தைப் பல்கலைக்கழகத்திலே வியந்து படித்தோம். இன்றும் வியந்து படிப்பிக்கிறோம். ஆனால் அந்த மரியாதையைச் சொல்லிலே வேலை செய்தவனுக்கு மட்டும் வைத்திருந்தோம். இரும்பிலே வேலை செய்தவனுக்கு வைத்திருந்தது மூன்றாம் வாங்கு மாணவனை நோக்கி எறிந்த ஒரு வசை. அந்த வசை நமது சொந்தச் சொத்துமன்று. கைத்தொழிலைச் சாதியோடு கட்டி, கட்டியதைத் தாழ்வென்று வைத்த ஒரு சமுதாயத்தின் வாயிலிருந்து பரம்பரையாக வருவது. படித்தவர் அதைப் படிப்பின் பெயரால் மறுபடி சொல்கிறோம், வேறுபாடு அவ்வளவே.

நான்கு சனிக்கிழமைகளின் முடிவில் ஒரு கொப்பியிலே அட்டவணை எழுதினோம். ஒவ்வொரு துண்டின் அளவு, பொருந்தும் இடம், பயன். நமது யந்திரத்துக்கு உரியவை ஒரு பக்கம்; பெரிய யந்திரத்துக்கு உரியவை மறுபக்கம்; எதற்கென்று அறியமுடியாத ஆறு துண்டுகள் கடைசியில். அறியாதவற்றுக்குப் பெயர் கற்பிக்கவில்லை. அளவை மட்டும் எழுதினோம். அறிந்தவர் ஒருநாள் பார்க்கட்டும். பெரிய யந்திரத்தின் பாகங்களை மற்றொரு பட்டறைக்காரர் வாங்கிக்கொண்டார். கிலோக் கணக்கிலல்ல, கருவியின் கணக்கில். அம்மாவுக்குக் கிடைத்த பணம் இரும்பு வியாபாரி சொன்னதைவிடப் பலமடங்கு. லேத்தும் அதற்குரியவையும் மாணவரிடம் தவணையிற் சென்றன. அம்மாவுக்குப் பணம் உடனே வேண்டியிருந்தது என்பதை நாம் மறைக்கவில்லை. இரும்பு வியாபாரியைக் குறை சொல்லவும் நமக்கு உரிமையில்லை. அறிந்தோர் எவரும் உதவிக்குப் போகாத வீட்டிலே அவர்தான் விலை சொல்ல வந்தவர்.

127 பற்சக்கரத்திலே பெரியவரின் பெயரைப் பொறித்து வைக்கும்படி மாணவரிடம் சொன்னோம். அவர் சற்று யோசித்தார்.

"வேண்டாம் சேர். ஐயா வெட்டேல்லை, நான் வெட்டினால் அது என்ரை எழுத்துத்தானே. கொப்பியிலை எழுதுங்கோ."

எழுதினோம். பெயரும், பிறந்த ஆண்டும், சக்கரம் செய்யப்பட்ட காலமும், செய்த முறையும். இரண்டு பிரதிகள், ஒன்று பட்டறையில், ஒன்று நமது பாடசாலை நூலகத்தில். வட்டப்பலகையை மட்டும் அம்மா விற்கவில்லை. தவிட்டு வாளிக்கு வேறு மூடி வாங்கிக் கொடுத்தோம்.

புறப்படும்போது, அன்று வகுப்பிலே சொன்ன சொல்லுக்காக வருந்துகிறோம் என்று மாணவரிடம் சொன்னோம். அவருக்கு நினைவிருந்தது. "நீங்கள் சொன்னது பிழையில்லை, சேர். இரும்புதானே ராவுறன்" என்றார். பிறகு, "ஆனா எல்லாரும் சிரிச்சதுதான்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

நமது ஊர்களிலே இப்படியான பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு முதியவர், ஒரு பழைய யந்திரம், பெயரில்லாத சில சாக்குகள். ஆசிரியர்களாகிய நாம் ஒரு வெண்கட்டியும் ஒரு கொப்பியும் ஒரு வேணியர் இடுக்கியும் கொண்டு, அம்முதியவர்கள் இருக்கும்போதே அங்கே போகவேண்டும். கற்பிப்பதற்காக அல்ல.